பொம்மைகளின் ஷிப்ட்

என் மகளுக்கு ஒன்றேகால் வயதானபோது வீட்டில் முப்பத்தொரு பொம்மைகள் இருந்தன. அவள் விளையாடியதோ என் செருப்போடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இருந்தால், இடது கால் செருப்பை மட்டும் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. போனில் படம் எடுத்து என் கணவரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "அவ விளையாடல. நீ போயிடக் கூடாதுன்னு காவல் காக்கறா" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறவர்கள் மேல் எனக்கு உடனே கோபம் வந்துவிடும். பிறவிக் குணம், மாற்றிக்கொள்ள முயன்று பார்த்துத் தோற்றுவிட்டேன். இந்தக் கதையில் அந்தக் குணத்தால் ஒரு தப்பும் செய்திருக்கிறேன், அதையும் சொல்லத்தான் போகிறேன்.

பெங்களூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. ரத்த மாதிரிகளைப் பரிசோதித்து முடிவு எழுத வேண்டும். பிரசவத்தோடு நின்றுபோன படிப்பும் அனுபவமும் மறுபடியும் கைக்கு வந்தது போல இருந்தது. முதல் நாள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தபோது, முதல் மாதிரியை வேண்டுமென்றே இரண்டு முறை பார்த்தேன். ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேர, காலை ஐந்தரைக்கே வீட்டை விட்டு இறங்க வேண்டும். மாரிகுப்பத்தில் ரயில் ஏறினால், திரும்பி வந்து வாசலை மிதிக்கும்போது ராத்திரி ஏழரை ஆகிவிடும். கோலார் தங்க வயலில் இது யாருக்கும் அதிசயமில்லை. தங்கச் சுரங்கத்தை மூடியதிலிருந்து, மைசூர் மைன்ஸ் என்ற பழைய சுரங்கத்தை ஒட்டிய எங்கள் தெருக்களில் பாதி வீடு விடிவதற்குள் ரயிலுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. என் கணவருக்குப் பங்காரப்பேட்டையில் வேலை. எட்டரைக்கு அவர் கிளம்பும்போது குழந்தையை எதிர் வரிசையில் மூன்றாவது வீட்டில் விட்டுவிட்டுப் போவார்.

அந்த மூன்றாவது வீட்டுப் பெண்ணைப் பற்றித்தான் நான் எழுத உட்கார்ந்தேன். அவளுக்கு இருபத்தாறு வயது, என்னைவிட ஏழு வயது சின்னவள். வீட்டிலேயே தையல் மிஷின் வைத்து பிளவுஸ் தைப்பாள். கல்யாணமாகி ஆறு வருடம், இன்னும் குழந்தை இல்லை. பேச்சு குறைவு. எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்பாள். நானும் என் படிப்பும் சேர்ந்து, அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டியிருந்தோம்.

குழந்தை அழுதாள். முதல் வாரம் எல்லாக் குழந்தைகளும் அழும் என்று தேற்றிக்கொண்டேன். மூன்றாவது வாரமும் அழுதாள். மதியச் சோற்றை வாயில் வைத்தால் துப்பினாள். எடை குறைந்தது. நானும் கணவரும் பேசி முடிவெடுத்தோம். கிறிஸ்துமஸ் வரை பார்ப்பது, அதற்குள் குழந்தை தேறாவிட்டால் நான் வேலையை விட்டுவிடுவது. "நான் விட்டுட்றேனே" என்று அவரும் சொன்னார், நல்ல மனுஷன். ஆனால் குழந்தை தேடியது அவரை அல்ல. அப்போது தீபாவளி முடிந்திருந்தது. எனக்கு இருந்தது ஆறு வாரம்.

அந்த ஆறு வாரத்தில் குழந்தையின் பகல் பொழுதை நிரப்பிவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். எதை வைத்து நிரப்புவது? பொம்மை வைத்துத்தான்.

ரயிலில் பெண்கள் பெட்டியில் உட்காருகிற எல்லோருக்கும் இதில் அனுபவம் உண்டு. வங்கிக்குப் போகிறவள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவள், தையல் ஃபேக்டரிக்குப் போகிறவள் எல்லோர் வீட்டிலும் சாயங்காலம் அம்மாவின் பையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒரு பிள்ளை இருந்தது. ரயிலில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். பிஸ்கட்டோ பலூனோ ஒரு கொய்யாப்பழமோ, ஏதாவது ஒன்று பையில் இருக்க வேண்டும். நான் பிரச்சினையைச் சொன்னதும் ஆளுக்கு ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். பாட்டுப் பாடும் பொம்மை வாங்கு என்றாள் ஒருத்தி. சத்தம் போடுவது மூளைக்கு ஆகாது, மரத்தில் வாங்கு என்றாள் இன்னொருத்தி. அவர்கள் இரண்டு பேருக்கும் ஒயிட்ஃபீல்டு ஸ்டேஷன் வரை சண்டை நடந்தது. நான் இரண்டு பேர் சொன்னதையும் வாங்கினேன்.

பாட்டுப் பாடும் வாத்து வந்தது. பொத்தானைத் தட்டினால் கண்ணில் சிவப்பு விளக்கு எரிய, அது ஏ பி சி டி பாடிக்கொண்டே தரையில் ஒரு வட்டம் அடிக்கும். என் மகள் முதல் தடவை வாயைப் பிளந்து பார்த்தாள். இரண்டாவது தடவை பார்த்தாள். மூன்றாவது தடவை அது பாட ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டாள். வாத்து யாருமில்லாத இடத்தில் எக்ஸ், ஒய், இஸட் வரை பாடி முடித்து நின்றது. கர்நாடகத்துச் சன்னபட்டணாவில் செய்த மர வளையங்கள் வந்தன. வட்டம், சதுரம், முக்கோணத்தை அதனதன் ஓட்டையில் போடும் பெட்டி வந்தது. சாவி கொடுத்தால் தாளம் தட்டும் குரங்கு வந்து, அவளைப் பயமுறுத்திவிட்டு அலமாரிக்குள் போனது. கண் சிமிட்டும் பொம்மைக் குழந்தையும், இழுத்தால் வால் ஆட்டும் நாயும், அவள் ஏறாத காரும், நான் மட்டும் ஆசையாய் ஊதிய பீப்பீயும் வந்தன.

ரயில் பயணத்தில் போனில் கட்டுரைகளையும் படித்தேன். எந்த மாதத்துக்கு எந்தப் பொம்மை, எது கைக்கு, எது கண்ணுக்கு என்று நோட்டில் குறித்தேன். ரத்த மாதிரிக்கு ஒட்டுவது போல, பொம்மைகளுக்கு லேபிள் ஒட்டாததுதான் பாக்கி. காலையில் கிளம்புமுன், தூங்கும் மகளின் பாய்க்குப் பக்கத்தில் முப்பத்தொன்றையும் வரிசையாகப் பரப்பி வைப்பேன். கண் விழித்ததும் சந்தோஷப்படட்டும் என்று. பிறகு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓசைப்படாமல் வெளியே வருவேன். கணவர் எழுந்ததும் அத்தனையையும் ஒரு கோணிப்பையில் வாரிப்போட்டு, குழந்தையோடு சேர்த்து எதிர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார். "பொம்மைக் கடைக்கு லோடு எறக்கறேன்" என்று கிண்டல் வேறு.

நான்காவது வாரத்தில் ஒரு நாள் மதியம் எதிர் வீட்டுப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. பின்னால் குழந்தையின் அழுகுரல் கேட்டது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் ஒரு வாரம் பாக்கறேன். அப்பவும் பாப்பா இப்டியே கீதுன்னா, வேற ஆள் பாருங்க. அது அழுவறத பாக்க எனக்கு மனசு ஆவல."

எழுதிக்கொண்டிருந்த முடிவுகளை அப்படியே வைத்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போய் நின்றேன். நியாயமாக அந்தப் பெண்ணுக்காக வருத்தப்பட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், குழந்தையைப் பொம்மைகளோடு எப்படி விளையாட வைப்பது என்ற ஏழு வீடியோக்களை அவள் போனுக்கு அனுப்பினேன். "சரிக்கா" என்று பதில் வந்தது.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை எனக்கு ஜுரம். பாதி வழியிலேயே இறங்கி வேறு ரயிலில் திரும்பினேன். பதினோரு மணிக்கு எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது முதலில் உறைத்தது சத்தமில்லாததுதான். அழுகை கேட்கவில்லை. அழுது அழுது குழந்தை மயங்கிவிட்டாளோ என்று நினைத்து ஓடினேன்.

எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு அலுமினியக் குண்டானும் நாலைந்து டப்பா மூடிகளும் ஒரு பந்தும் இருந்தன. அவ்வளவுதான். ஒரு மூடியை எடுத்துக் குண்டானில் போட்டாள். எட்டிப் பார்த்தாள். வெளியே எடுத்தாள். அதைவிடப் பெரிய மூடியைப் போட்டாள். அது வாயில் சிக்கிக்கொண்டது. அழப்போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் அழவில்லை. மூடியைத் திருப்பினாள், சாய்த்தாள், குத்தினாள். உள்ளே விழுந்தது. யாரையும் பார்க்காமல் தனக்குத்தானே "ஆ" என்றாள்.

அந்த "ஆ"வைக் கேட்டு நான் மகிழ்ந்திருக்கலாம். என் கண்ணில் பட்டதோ என் முப்பத்தொரு பொம்மைகள் இருந்த கோணிப்பை, பீரோவின் மேல் வாய் கட்டிக் கிடந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"நான் பாத்துப் பாத்து வாங்குனதெல்லாம் பீரோ மேல. என் பொண்ணுக்குக் குண்டானா?"

அவள் மிஷினை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்து முதலில் ஒரு முக்காலியைத் தள்ளிப்போட்டாள்.

"உக்காருங்கக்கா. ஜுரமா? கண்ணு செவந்து கீது." பிறகு சொன்னாள். "பொம்மைங்க ஆஃப்ல கீதுக்கா. அதுங்க ஷிப்ட் இன்னும் வரல."

நான் ஏதோ கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். அவள் கேலி செய்யவில்லை. அப்போதுதான் உத்தரத்தைப் பார்த்தேன். அந்த வரிசை வீடுகள் எல்லாவற்றிலும் உத்தரத்தில் தொட்டில் கட்ட ஒரு இரும்புக் கொக்கி இருக்கும். அவள் வீட்டுக் கொக்கிக்கு இன்னும் தொட்டில் வரவில்லை. அதில் ஒரு நைலான் கயிறு மாட்டியிருந்தது. ஒரு நுனியில் பிளாஸ்டிக் கூடை, உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மறு நுனி தையல் மிஷினுக்குப் பக்கத்தில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது.

"எங்கப்பா மைன்ஸ்ல, குழிக்குள்ள ஆள எறக்கற கூண்டு கீதே, அந்த கேஜுக்கு ஷாஃப்ட் வாயில மணி அடிக்கறவரு. நான் பாத்தது இல்ல, கைக்கொழந்தையா இருக்கும்போதே மூடிட்டாங்க. வீட்ல சொல்லிக் கேட்டதுதான். எல்லாரையும் ஒரே வாட்டி கீழ எறக்க மாட்டாங்களாம். மேல வர்றவங்க வந்தாதான் கீழ போறவங்க போவணும். மணி அடிக்காம கேஜு நகரக் கூடாது. பாப்பாவுக்கும் அப்டித்தான் பண்ணிப் பாக்கலாமேன்னு. போன வாரம் போன் போட்டேனே, அன்னிக்கு சாயங்காலம்தான் தோணுச்சு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தப்புக் கண்டுபிடிப்பதற்காகவே முக்காலியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் போனது, இருபது நிமிடம் போனது. குண்டானோடு மூடியோடு என் மகள் முப்பத்தைந்து நிமிடம் வேலை செய்தாள். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை, அது வேலைதான். நெற்றி சுருங்கியிருந்தது, கீழுதடு வெளியே வந்திருந்தது. மைக்ரோஸ்கோப்பில் சந்தேகமான ஒரு செல்லைப் பார்க்கும்போது என் உதடும் அப்படித்தான் வெளியே வரும் என்று கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள்.

பிறகு அவளுக்குச் சலித்தது. மூடியை வீசினாள். முகம் கோணியது. தையல்காரி உடனே எழுந்து ஓடவில்லை. ஒரு தட்டையும் மரக் கரண்டியையும் மட்டும் காலால் அவள் பக்கம் தள்ளினாள். என் மகள் கரண்டியை எடுத்துத் தட்டில் ணங் ணங்கென்று அடித்தாள். மேலே பார்த்தாள். தையல்காரி கயிற்றைத் தளர்த்த, கூடை மெல்ல இறங்கியது. அது இறங்கும் நேரம் முழுக்கக் குழந்தை மூச்சுவிடக்கூட மறந்து நின்றாள். கூடை தரையைத் தொட்டதும், தவறாமல் முதலில் பந்தையும் மூடிகளையும் குண்டானையும் தூக்கி அதற்குள் போட்டாள். கூடையிலிருந்த மர வளையங்களை வெளியே எடுத்தாள். மறுபடி ணங். கூடை மேலே போனது. மேலே போகும் கூடைக்கு என் மகள் கையசைத்து டாட்டா காட்டினாள்.

இதே மர வளையங்களை என் வீட்டில் அவள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

"ஒரு நாளைக்கு மூணே ஷிப்ட். ஒரு ஷிப்டுக்கு ரெண்டு சாமான், மிஞ்சிப் போனா மூணு" என்றாள் அவள். நான் கேட்கக் கேட்க, தையலை விடாமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோணிப்பையில் இருந்ததை எல்லாம் கொட்டி அவள் பரீட்சை வைத்திருந்தாள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினாள். இதற்குள் நுழைகிற எதுவும் வாய்க்குள்ளும் நுழைந்துவிடும், அதனால் ஆகாது. பொம்மைக் குழந்தையின் கண்ணைப் பிடுங்கிப் பார்த்தாளாம், கையோடு வந்துவிட்டதாம். தனியாக எடுத்துவைத்திருந்தாள். வாத்தின் வயிற்றுக் கதவு திருகாணி இல்லாமல் நகத்தாலேயே திறந்துகொண்டதாம், உள்ளே வட்ட பேட்டரி. விழுங்கினால் குழந்தையின் உணவுக்குழாயையே அரித்துவிடும் பேட்டரி அது. மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்துப் பிழைக்கிறவள் நான். அந்த வாத்தைக் கடையில் மூன்று முறை பாட வைத்துப் பார்த்தேனே தவிர, வயிற்றைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"பேட்டரிக்காக மட்டும் இல்லக்கா" என்றாள். "அந்த வாத்து எல்லாத்தையும் அதுவே பண்ணிக்குது. பாடுது, சுத்துது, லைட்டு எரியுது. பாப்பாவுக்கு அதுல இன்னா வேல கீது, சொல்லுங்க? வேல குடுக்காம ஒரு ஆள ஷிப்ட்ல நிக்க வெச்சா அழாம இன்னா பண்ணும்?"

எத்தனையோ கட்டுரை படித்திருக்கிறேன். இதை இவ்வளவு நறுக்கென்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. வியந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அந்த வியப்போடு எழுந்து வந்திருந்தால் எனக்குக் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் அவள் இன்னொன்றும் சொன்னாள்.

"இன்னொண்ணு சொல்லட்டா? கோச்சுக்கக் கூடாது. எங்க ஜன்னல்லேர்ந்து பாக்கறேன், சாயங்காலம் நீங்க வந்தா பாப்பா உங்கள பாக்கறது இல்லக்கா. பையத்தான் பாக்குது."

நான் எழுந்தேன். குழந்தையைக் கையிலிருந்த வளையத்தோடு அள்ளித் தூக்கினேன். வாயிலிருந்து வந்தது இதுதான்: "பெத்தவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடும்?"

அவள் மடியில் இருந்த பிளவுஸ் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தேன்.

மறுநாள் ஜுரம் விட்டது, கோபம் விடவில்லை. அவள் சொன்னது பொய் என்று நிரூபிக்க, வேலையிலிருந்து திரும்பும்போது ஒரு புதுப் பொம்மை வாங்கினேன். பஞ்சு அடைத்த துணிக் குதிரை, நல்ல குதிரை. ஏழரைக்கு வாசலில் நின்று மகளைக் கூப்பிட்டேன். அப்பாவின் மடியிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். கையை விரித்து உட்கார்ந்தேன். என் கைகளுக்குக் கீழே குனிந்து, தோளிலிருந்து தொங்கிய பைக்குள் தலையை விட்டாள். குதிரையை இழுத்து எடுத்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போனாள். என் கை விரித்தது விரித்தபடியே இருந்தது. என் கணவர் எல்லாவற்றையும் பார்த்தார். பாவம், இந்த முறை எந்த உண்மையும் சொல்லவில்லை.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஐந்து வாரமாக நான் இல்லாத இடத்தை நிரப்பப் பொம்மை வாங்கிக்கொண்டிருந்தேன். அது நிரம்பிக்கொண்டும் வந்திருக்கிறது. நான் வந்து உட்காரத்தான் அங்கே இடம் மிச்சமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வேலை போனால் போகட்டும், நாளைக்கே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் மட்டும் இவள் என்னைப் பார்ப்பாளா, பையைத் தேடுவாளா?

முகத்தைக் கழுவிக்கொண்டு நேராக எதிர் வீட்டுக்குப் போனேன். அவள் கதவைத் திறந்ததும், வாசலிலேயே நின்று சொன்னேன். "நான் சொன்னது பெரிய தப்பு. வாய் தவறி வந்ததுன்னு சொல்ல மாட்டேன், கோவத்துல வேணும்னே சொன்னேன். மன்னிச்சிடும்மா."

அவள் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடே, "சாப்ட்டீங்களாக்கா?" என்று கேட்டாள். சாப்பிடவில்லை என்றதும் தட்டில் ரெண்டு தோசையைப் போட்டுக் கொடுத்துவிட்டு, விஷயத்துக்கு வந்தாள்.

"நாளையிலேர்ந்து நீங்க காலியா வாங்க. ஒரு வாரம் கத்தும். கத்தட்டும். அப்புறம் காலையில திருட்டுத்தனமா ஓடாதீங்க. எழுப்பிச் சொல்லிட்டுப் போங்க. பொம்மைகூட மணி அடிச்சித்தான் மேல போவுது, நீங்க சொல்லாம போனா எப்டி?"

மறுநாள் அதிகாலையில் மகளை எழுப்பி, அம்மா வேலைக்குப் போகிறேன் என்றேன். அவள் ஊரைக் கூட்டினாள். என் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை வந்தார். வீட்டு வாசல்களில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் ஏறியிருந்தன. அழுதுகொண்டே அவற்றைப் பார்த்தாள். ரயில் ஏறிய பிறகும் அந்த அழுகை காதில் இருந்தது. சாயங்காலம் பையைப் பெட்டியில் எதிரே உட்காரும் தோழியிடமே கொடுத்தனுப்பிவிட்டு, டிஃபன் பாக்ஸை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன். தோழிக்கு அது பெரிய அதிர்ச்சி. "வெறுங்கையோடயா போற? கொழந்த ஏங்கிப் போயிடும்" என்றாள்.

குழந்தை டிஃபன் பாக்ஸைத் திறந்தாள். கவிழ்த்தாள். ஒன்றுமில்லை. தரையில் புரண்டு அழுதாள். மறுநாளும் அழுதாள். மூன்றாம் நாள் டிஃபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, அந்த மூடியோடு உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரம் மதியம் வந்த போன் எல்லாம் "துன்னுச்சிக்கா", "தூங்கிடுச்சிக்கா" என்றே வந்தது. தான் வேறு ஆள் பார்க்கச் சொன்னதை அவள் மறுபடி பேசவே இல்லை. ஆனால் சாயங்காலம் நான் வந்தால் குழந்தை என் கையைப் பார்ப்பாள், காலியென்று தெரிந்ததும் தன் பாட்டுக்குப் போய்விடுவாள். என்னிடம் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருந்தது.

அன்றைக்குக் கணவருக்கு வேலையில் தாமதம். நான்தான் எதிர் வீட்டிலிருந்து குழந்தையைக் கூட்டிவர வேண்டும். கதவு திறந்திருந்தது. தையல்காரி மிஷினுக்குப் பக்கத்தில் பொத்தான் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கூப்பிட வேண்டாம் என்று கையால் சைகை செய்தாள். என் மகள் பாய் நடுவில் குண்டானும் மூடியும் துணிக் குதிரையுமாக உட்கார்ந்திருந்தாள். குதிரைக்கு மூடியில் ஏதோ ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டிவிட்டு அதன் வாயைத் துடைத்தாள். கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. காலை முதல் யாரும் அவளை அழவைத்த அடையாளம் இல்லை.

நான் ஆறு வாரம் கேட்டு அலைந்தது இதைத்தான். குழந்தை நிம்மதியாக விளையாடிக்கொண்டிருக்கிறாள், என்னைத் தேடவில்லை. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே நெஞ்சு வலித்தது. இரண்டுமே பொய்யில்லை. வேலை இனி போகாது என்று அந்த நிமிடம் தெரிந்துவிட்டது. அதற்கு நான் கொடுத்தது எவ்வளவு என்றுதான் தெரியவில்லை.

அப்போது அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். கையில் டிஃபன் பாக்ஸ்கூட இல்லை, அன்று அதை அலுவலகத்திலேயே மறந்துவிட்டிருந்தேன். நான் அசையவில்லை. அவள் கரண்டியை எடுத்துத் தட்டில் ஓங்கி அடித்தாள். கூடை இறங்கியது.

அதில் அடுத்த ஷிப்டுக்கான முக்கோணப் பெட்டி இருந்தது. அவள் அதை வெளியே எடுக்கவில்லை. குதிரையைத் தூக்கி அதன் மேல் போட்டாள். மூடிகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். குண்டான் பெரிதாக இருந்ததால் இரண்டு கையாலும் தூக்கி, முக்கிக்கொண்டு ஏற்றினாள். பாய்க்கு அடியில் உருண்டிருந்த பந்தைக் குனிந்து தேடி எடுத்து அதையும் போட்டாள். பாயில் எதுவும் மிச்சமில்லை. மறுபடி தட்டை அடித்தாள்.

தையல்காரி கயிற்றை இழுக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இந்த மாதிரி எல்லாத்தையும் ஒரே வாட்டி மேல அனுப்பினதே இல்லக்கா" என்றாள்.

கூடை மேலே போனது. என் மகள் வழக்கம்போல நின்று பார்த்து, டாட்டா காட்டினாள். அது உத்தரத்தைத் தொட்டதும் திரும்பி, காலியான பாயைத் தாண்டி என்னிடம் நடந்து வந்தாள். தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள்.